கை நுழைகிற அளவு

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் யாரும் வீட்டு அழகைப் பற்றி யோசனை கேட்பதில்லை. கேட்டாலும் நான் சொல்கிற பதில் அவர்களுக்குப் பிடிக்காது. புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனால் எல்லோரும் டைல்ஸைப் பார்ப்பார்கள்; நான் பின்கதவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். கிரில் கேட்டில் அவர்கள் ஆசையாகப் போட்ட மயில் என் கண்ணில் படாது, கீல் எந்தப் பக்கம் என்பதுதான் படும். வாய் சும்மா இருக்காமல் அதைச் சொல்லியும் வைப்பேன். இதனாலேயே என் மனைவி விசேஷங்களுக்கு என்னை அழைத்துப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்ட என்னைத் தேடிப் போன மாதம் தணிகாசலம் தன் மகள் நந்தினியோடு சித்தூருக்கு வந்தான். குடிபாலா பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். முன்னால் நீளமான வராண்டா. கொசு தொல்லை தாங்கவில்லை, அதனால் வராண்டா முழுவதையும் கிரில் வைத்து வலைபோட்டு அடைக்க வேண்டும். கிரில் செய்கிறவர் வாட்ஸ்அப்பில் டிசைன் டிசைனாக அனுப்பியிருக்கிறார்.

“எது போடலாம்னு நீங்க சொல்லுங்க சார். நீங்க சொல்றதத்தான் போடப் போறேன்” என்று ஃபோனை என் கையில் கொடுத்தான்.

திருப்பதியில் அவன் குடியிருந்த வாடகை வீட்டில், இதேபோல வலைபோட்டு அடைத்த வராண்டாவில்தான் அவன் மனைவி அமுதா இறந்துபோனாள். அந்த கேட்டின் பூட்டை வெட்டியவன் நான். அதோடு, அன்று எங்கள் அதிகாரி அவனிடம் ஒரு பொய் சொன்னார். இப்போது இவன் கேட்கிற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் அந்தப் பொய் உடைந்துவிடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணை அதேபோல ஒரு கூண்டுக்குள் நானே வைத்துப் பூட்டியதாக ஆகும்.

என் நைனா நகரியில் பவர்லூம் ஓட்டியவர். தறிச் சத்தத்தில் இருந்து தப்பித்தால் போதும் என்று நான் ஃபயர் சர்வீஸ் செலக்‌ஷனுக்குப் போனேன். ஓட வைத்தார்கள், கயிறு ஏற வைத்தார்கள், ஹோஸைச் சுருட்டவும் விரிக்கவும் வைத்தார்கள். தெலுங்கு பேச வரும், எழுத வராது. அதற்காக நிறைய ஏச்சு வாங்கினேன். பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வேலையை நான் கற்றுக்கொண்டது சுப்பராயுடு சாரிடம்.

அவர் எங்கள் ஸ்டேஷன் ஆபீசர். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு ஒதுக்கியிருப்பார். கத்த மாட்டார். பற்றி எரிகிற இடத்தில் ஊரே கத்திக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் மெல்லப் பேசுவார், அதனாலேயே அவர் சொல்வது எங்களுக்குக் கேட்கும். மூடிய கதவு எதுவானாலும் கிளவுஸைக் கழற்றிப் புறங்கையை வைத்துப் பார்க்காமல் திறக்க விடமாட்டார். வண்டி நின்றதும் நாங்கள் ஹோஸை இழுப்போம். அவர் மட்டும் தனியாக அந்தக் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். ஜனங்கள் அவரைத் திட்டுவார்கள். ‘வீடு எரிஞ்சிக்கினு இருக்குது, ஆபீசர் கோயில் சுத்திக்கினு இருக்காரு’ என்று ஒருவன் என் காதுபடவே சொன்னான். ‘ஒக்க சுட்டு’ என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம், ஒரு சுற்று என்று அர்த்தம்.

எனக்கும் முதலில் அது எரிச்சலாகத்தான் இருந்தது. வெதுருகுப்பத்துப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகை பற்றிக்கொண்டபோது அந்த எரிச்சல் போனது. ஊரே முன்பக்கம் நின்று மாடு மாடு என்று அலறியது. நாங்களும் முன்பக்கமே தண்ணீரைப் பீய்ச்சினோம். சார் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே வைக்கோல் படப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவன் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அங்கே இருப்பது வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. சார் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து எங்கள் காலடியில் போட்டார். ஜனங்கள் கை காட்டுகிற பக்கமே போகாதே, அவர்கள் பார்த்தது ஒரு பக்கம்தான் என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் சுற்றப் போனால் நான் வாயைத் திறந்ததில்லை.

சாரும் நானும் திருப்பதிக்கு மாற்றலாகி வந்த பிறகு எங்கள் வேலையே மாறிப்போனது. மலையடிவாரத் தெருக்களில் குரங்கு தொல்லை. அதற்காக வராண்டாவுக்கு கிரில் போட்டார்கள். குரங்கு தாழ்ப்பாளை நீக்கக் கற்றுக்கொண்டது, அதனால் பகலிலும் பூட்டுப் போட்டார்கள். பிறகு டெங்கு வந்தது, கிரில்லுக்கு உள்பக்கம் வலை அடித்தார்கள். மழைச்சாரல் அடிக்கிறதென்று மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டார்கள். கடைசியாக பேட்டரி ஸ்கூட்டரை வாங்கி அதே வராண்டாவில் நிறுத்தி சார்ஜ் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லாம் சேர்ந்த பிறகு வீட்டுக்கு இருந்த ஒரே வழி என்ன ஆனது என்று யாரும் நின்று பார்க்கவில்லை.

தணிகாசலம் திருத்தணிப் பக்கத்துக்காரன். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். அந்தத் தெருவில் அப்படிப் போகிற ஆண்கள் நிறையப் பேர், அவர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தூங்குகிற மனைவியை எழுப்பாமல் வெளியே வந்து, கேட்டை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவார்கள். இன்னொரு சாவி உள்ளே ஆணியில் தொங்கும். மனைவி எழுந்ததும் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தானே திறந்துகொள்வாள். பல வருடம் இப்படியே நடந்தது, ஒரு குறையும் இல்லை.

நந்தினிக்கு டெங்கு வந்து பிழைத்த பிறகு அவர்களும் கேட்டுக்கு வலை அடித்தார்கள். கை நுழைய ஒரு ஓட்டை விட்டு அதற்கு ஒரு மூடியும் வைத்த டிசைன் ஒன்று, முழுவதும் அடைத்தது ஒன்று என்று கிரில்காரர் இரண்டு காட்டியிருக்கிறார். மூடி இருந்தால் குரங்கு தூக்கும், இடுக்கில் கொசு வரும் என்று முழுவதும் அடைத்ததையே தணிகாசலம் எடுத்தான். அதன் பிறகு பூட்டு உள்பக்கம் வந்தது. அவன் கிளம்பும்போது அமுதா எழுந்து வந்து பூட்டிக்கொள்வாள். வலை அடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அன்று அமுதாவுக்குக் காய்ச்சல். எழுப்ப மனமில்லாமல், பழைய வழக்கப்படியே வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போய்விட்டான். அவள் கையை விட்டுத் திறந்துகொள்வாள் என்று அவன் கை நினைத்துக்கொண்டது. கை வெளியே வர வழியில்லை என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

எங்களுக்கு அழைப்பு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பஜார் தெருவில் பூக்கடைகள் திறந்துவிட்டன. நாங்கள் போய்ச் சேர்ந்ததும் ஜனங்கள் பின்சந்தைக் காட்டினார்கள். சிறுமி நந்தினி அங்கே நின்று அலறிக்கொண்டிருந்தாள். முழங்கை இரண்டும் தோலுரிந்து ரத்தம். பாத்ரூம் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடுக்கு வழியாக அவள் அம்மா அவளை வெளியே தள்ளியிருக்கிறாள். பெரியவர்கள் அதில் நுழைய முடியாது. அந்த வீட்டில் கம்பியோ வலையோ போடாமல் விட்டிருந்தது அது ஒன்றைத்தான். பின்கதவு இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. வாஸ்துக்காரர் சொன்னாரென்று வீட்டு ஓனர் செங்கல் வைத்து அடைத்திருந்தார். நாலைந்து பேர் கடப்பாரையால் அந்தச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அங்கேயே ஹோஸை இழுத்தோம்.

சார் வழக்கம்போல ஒரு சுற்றுப் போனார். வீட்டின் முன்பக்கம் காலிமனையைப் பார்த்தது, எதிரில் வீடு இல்லை, ஒரு ஆள் இல்லை. வலை வழியாகக் கறுப்புப் புகை மொத்தமாக வந்துகொண்டிருந்தது. வராண்டாவின் ஒரு கோடியில் சார்ஜில் போட்டிருந்த அவர்களுடைய பேட்டரி ஸ்கூட்டர் எரிந்துகொண்டிருந்தது, மறுகோடியில் கேட். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இருபது வருடத்தில் முதல்முறையாக அவர் கத்தி நான் கேட்டேன்.

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கட்டரோடு ஓடினேன். பூட்டைப் பிடித்து வெட்டப் போன இடத்தில் அமுதாவின் கை இருந்தது. சமையல்கட்டுக் கத்தியால் வலையை மூன்று பக்கம் கிழித்து, முழங்கை வரை கையை வெளியே விட்டிருந்தாள். வலையின் முனைகள் கை நெடுகக் கீறியிருந்தன. விரல்கள் பூட்டின் மேல் கிடந்தன. சாவி கீழே படியில் விழுந்து கிடந்தது. அவளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் போதும். அந்த இடத்தில் முன்கூட்டியே ஒரு ஓட்டை இருந்திருந்தால் அந்த இரண்டு நிமிடமும் தேவைப்பட்டிருக்காது.

அந்தக் கையை வலையில் இருந்து விடுவிக்காமல் கேட்டைத் திறக்க முடியாது. சார் கிளவுஸைக் கழற்றினார். வலையை ஒரு கையால் அகட்டிப் பிடித்து, இன்னும் கீறல் விழாதபடி அவள் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பினார். உயிர் இல்லை என்று தெரிந்தும் அப்படிச் செய்தார். பிறகு நான் பூட்டை வெட்டினேன். ஸ்கூட்டர் பேட்டரி அணைந்தது என்று நினைத்த பிறகும் மறுபடி மறுபடி பற்றியது. அதன் மேல் நான் கொட்டிய தண்ணீரும் திட்டிய கெட்ட வார்த்தையும் கொஞ்சமில்லை. சார் படியில் கிடந்த சாவியை எடுத்து போலீஸ்காரரிடம் கொடுத்து, தனியாக அழைத்துப் போய் ஏதோ பேசினார்.

தணிகாசலம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. கம்பெனி யூனிஃபார்மோடு இருந்தான். மார்ச்சுவரிக்கு வெளியே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவன் அழவில்லை. நேராக சாரிடம் வந்தான்.

“நான் வெளிய பூட்டிக்கினு போய்ட்டேன் சார். அதனாலதான் அவ செத்தாளா?”

சார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த தமிழில், மெதுவாக, தயங்காமல் சொன்னார்.

“லேதப்பா. பூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பாப்பாவ வெளிய அனுப்பிட்டு பாத்ரூம்லயே மயங்கிட்டாங்க. கேட்டு கிட்டயே அவங்க வரல.”

தணிகாசலம் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். உடம்பைக் கை தெரியாமல் துணி சுற்றித்தான் கொடுத்தார்கள், அதையும் சார்தான் சொல்லி வைத்திருந்தார். பெஞ்சில் இருந்த நந்தினி சாரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சின்னப் பெண், அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வண்டியில் சார் கிராம்பை வாயில் போடவே இல்லை. கையிலேயே வைத்திருந்தார். “நிஜம் செப்தே ஏமொஸ்துந்தி? ஆ பில்லகி நான்ன காவாலி” என்றார். உண்மையைச் சொல்லி என்ன வரப்போகிறது, அந்தப் பிள்ளைக்கு அப்பன் வேண்டும் என்று அர்த்தம். அவர் செய்தது சரி என்றே எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. அதற்குப் பிறகு அந்த விஷயத்தை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். போன வருடம் அவர் காலமானார். தணிகாசலம் மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஃபோன் செய்துகொண்டிருந்தான்.

அவன்தான் இப்போது எதிரே உட்கார்ந்து டிசைன் கேட்கிறான்.

நான் ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். டைமண்ட் டிசைன், சூரியகாந்தி டிசைன், மடிப்பு வலை, காந்தப் பட்டி வைத்த வலை. பின்கதவு வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். வைத்திருக்கிறேன் என்றான். ஸ்கூட்டர் என்று ஆரம்பித்தேன், வீட்டுப் பக்கமே சேர்க்க மாட்டேன் என்றான். மேலே பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம் என்றேன், சரி என்றான். கேட்டைத் தவிர எல்லாவற்றையும் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் விரும்பியிருந்தது முழுக்க வலை அடைத்த ஒரு கேட். இன்னமும் அவனுக்கு விடியற்காலை ஷிஃப்ட்தான். அவன் போன பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் வரை நந்தினி வீட்டில் தனியாக இருப்பாள். தனியாக இருக்கிற பொம்பளப் பிள்ளை, அதனால் வெளியே பூட்டிக்கொண்டு போவதுதான் பத்திரம் என்றான். பின்பக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் சாவி போடுகிற பூட்டு, சாவி ஒன்று உள்ளே இருக்குமாம்.

வெளியே பூட்டக் கூடாது என்றேன். உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கிற மாதிரித்தான் வைக்க வேண்டும். வெளியே பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளிருந்து கை போகிற அளவு வழி வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

தணிகாசலம் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“ஏன் சார்? அன்னிக்கி பூட்டால ஒண்ணும் இல்லன்னுதான பெரிய சார் சொன்னாரு?”

பொதுவாகச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சுப்பராயுடு சார் இருந்திருந்தால் முகம் மாறாமல் இன்னொரு பொய்யைச் சொல்லி சமாளித்திருப்பார். எனக்கு அந்தத் திறமை இல்லை. காபி டம்ளரை எடுத்தேன், குடிக்காமல் வைத்தேன்.

நந்தினிதான் பேசினாள். இப்போது நன்றாக வளர்ந்துவிட்டாள், முழங்கையில் தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பனைப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கை வெளிய போற மாதிரி ஓட்ட வெக்கணும் நைனா. அம்மா கத்தியால கிழிச்சித்தான் கைய விட்டாங்க. என்னைத் தள்ளி விடும்போதே சொன்னாங்க, நான் முன்னால வலையக் கிழிச்சி தொறந்துக்கினு வந்துர்றேன், நீ போய் ஆளக் கூப்புடுன்னு. நான் பின்னாடியே நின்னு கத்திக்கினு இருந்தேன். எல்லாரும் அங்கயே வந்துட்டாங்க.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எனக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. சார் சொன்னது பொய் என்று அன்றே அவளுக்குத் தெரியும். அப்பனுக்காக அவளும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள், அந்த வயதில் இருந்து, தனியாக. சாரும் நானுமாவது அதை இரண்டு பேராகச் சுமந்தோம்.

தணிகாசலம் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அவன் கண்ணில் இருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. ஒருமுறை மட்டும் கையை நீட்டி மகளின் முழங்கைத் தழும்பைத் தொட்டு, ‘நீ என்னம்மா பண்ணுவ’ என்றான். அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் எழுந்துபோய் வாசலில் நின்றேன். சாலையில் வேலூர் பஸ் ஒன்று போனது.

திரும்பி வந்தபோது அவன் முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே மேஜையில் ஒரு வெள்ளைத்தாள். கேட்டை வரைந்து கொடுங்கள், கிரில்காரரிடம் அதையே காட்டிவிடுகிறேன் என்றான். நான் வரைந்தேன். கீல் எங்கே, தாழ்ப்பாள் எங்கே, கை விடும் ஓட்டை எங்கே, அதற்கு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற மூடி எங்கே என்று குறித்தேன். ஓட்டையின் அளவு மட்டும் பாக்கி.

நந்தினி தன் கையைத் தாளின் மேல் வைத்தாள், அளவெடுத்துக்கொள்ளட்டும் என்று.

தணிகாசலம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அதை மெல்ல எடுத்து ஓரமாக வைத்தான்.

“இவ இன்னும் வளருவா சார், இது பத்தாது” என்றான். தன் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து ஒரு வளையம் செய்தான். கண்ணை மூடி ஒரு கணம் யோசித்து, வளையத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினான், மறுபடி கொஞ்சம் பெரிதாக்கினான். “அமுதா கை இவ்ளோ இருக்கும். வளையலையும் சேத்து வெச்சிக்கலாம்.”

நான் டேப்பை எடுத்து வந்து, அவன் விரல் அசையும் முன் அந்த அளவைக் குறித்துக்கொண்டேன்.